பழைய பாணி ஸ்வெட்டரும் குரோஷா காலரும்: வீட்டிலேயே பின்ன முழுமையான வழிகாட்டி

1940-களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் வரும் குட்டை ஸ்வெட்டரைப் பார்த்து ஆசைப்பட்டு, இன்றைக்குக் கிடைக்கும் தடி நூலில் பின்ன உட்காருபவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். டிசைன் சரியாக வந்திருக்கும், பொத்தான்கூடப் பொருத்தமாக அமைந்திருக்கும். போட்டுப் பார்த்தால் சாதாரண ஸ்வெட்டர் மாதிரிதான் இருக்கும். பழைய தோற்றம் டிசைனில் இல்லை, அளவில் இருக்கிறது. மெல்லிய நூல், இடுப்பைப் பிடித்து நிற்கும் உயரமான ரிப் (இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும் பட்டி), ஒடுக்கமான தோள்பட்டை, அதன் மேல் உப்பி நிற்கும் கை. இந்த நான்கும் சரியாக வந்துவிட்டால் வெறும் ஸ்டாக்கினெட்டில் (ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்) பின்னினாலே போதும்.

உடல் குட்டையாகவும் கை அரைக்கையாகவும் இருந்தது ஃபேஷனுக்காக மட்டும் அல்ல. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 வரை துணிமணிக்கு ரேஷன் இருந்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டும். அதனால் 6, 7 அவுன்ஸ் நூலுக்குள் ஒரு ஸ்வெட்டர் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டே பேட்டர்ன் எழுதினார்கள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, மிஞ்சிய நிறங்களில் கோடு போட்டுப் பின்னுவதும் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது.

பழைய பேட்டர்னைப் படிக்கும் முன்

முதல் வில்லங்கம் ஊசி எண். பழைய பிரிட்டிஷ் எண்ணில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க எண்ணில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். 3.25 மி.மீ. ஊசி பிரிட்டனில் 10, அமெரிக்காவில் 3. 2.75 மி.மீ. பிரிட்டனில் 12, அமெரிக்காவில் 2. பிரிட்டிஷ் 14 என்றால் வெறும் 2 மி.மீ. பேட்டர்னில் "10-ஆம் எண் ஊசி" என்று இருப்பதைப் பார்த்து அமெரிக்க 10-ஐ எடுத்தால் அது 6 மி.மீ.; ஸ்வெட்டர் வராது, மீன் வலைதான் வரும். எந்த நாட்டுப் பேட்டர்ன் என்று பார்த்து, எண்ணை மறந்துவிட்டு மி.மீ. அளவைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குரோஷாவில் இதே குழப்பம் வேறு வடிவத்தில் வரும். பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் குரோஷா என்பது அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷா. பிரிட்டிஷ் ட்ரெபிள் என்பது அமெரிக்க டபுள் குரோஷா. ஒரு பேட்டர்னில் சிங்கிள் குரோஷா என்ற பெயர் எங்காவது இருந்தால் அது அநேகமாக அமெரிக்கப் பேட்டர்ன். இங்கே முழுக்க அமெரிக்கப் பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறோம்.

நூலின் எடை அவுன்ஸில் இருக்கும். 1 அவுன்ஸ் 28.35 கிராம், 8 அவுன்ஸ் என்றால் 227 கிராம். ஆனால் எடையை மட்டும் நம்பி நூல் வாங்க வேண்டாம். நூலின் நீளம்தான் கணக்கு. இன்றைய 4 பிளை நூல் (மெல்லிய ரகம்) 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் வரும். பழைய பேட்டர்னுக்கு அதுவே கிட்டத்தட்டச் சரியான மாற்று.

பெரும்பாலான பழைய பேட்டர்ன்கள் ஒரே ஒரு அளவில்தான் இருக்கும்: மார்புச் சுற்றளவு 32 அல்லது 34 அங்குலம். பெரிதாக்க ஒரு சுலப வழி, கண்ணி எண்ணிக்கையைத் தொடாமல் கேஜை (குறிப்பிட்ட அளவுக்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்பதை) மாற்றுவது. அங்குலத்துக்கு 8 கண்ணி என்று எழுதிய 34 அங்குல ஸ்வெட்டரை, சற்றுத் தடித்த நூலில் அங்குலத்துக்கு 7 கண்ணி வரும்படி பின்னினால் 34 × 8 ÷ 7, அதாவது ஏறக்குறைய 39 அங்குலம் வந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வரிசைகளும் கூடவே உயரமாகும். எனவே "70 வரிசை பின்னுக" என்று இருந்தால் அதை அப்படியே பின்பற்றாமல், அந்த 70 வரிசை மூலக் கேஜில் எத்தனை செ.மீ. என்று கணக்கிட்டு, அந்த நீளம் வரை மட்டும் பின்னுங்கள்.

நூலும் மாதிரித் துண்டும்

கீழே சொல்லும் ஸ்வெட்டருக்கு 4 பிளை கம்பளி நூல் 250 கிராம் (சுமார் 1000 மீட்டர்) வேண்டும். அதே சாய எண் உள்ள கண்டு ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு வாங்கினால் சாயம் ஒத்துவராது. கம்பளி நூலுக்கு மீளும் தன்மை உண்டு, ரிப்பை இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பருத்தி நூலில் ரிப் நான்கே நாளில் தொளதொளவென்று ஆகிவிடும். இடுப்புப் பிடிப்பையே நம்பியிருக்கும் இந்த உடைக்கு அது சரிப்படாது. அக்ரிலிக் பரவாயில்லை, ஆனால் சூடான இஸ்திரி பட்டால் உயிர் போய்ப் பளபளவென்று படிந்துவிடும், திரும்ப எழாது.

3.25 மி.மீ. ஊசியில் 40 கண்ணி ஏற்றி 50 வரிசை ஸ்டாக்கினெட் பின்னுங்கள். கண்ணிகளை மூடி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்த பிறகு, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்தைச் சேர்க்கக் கூடாது, அங்கே கண்ணிகள் கோணலாக இருக்கும். வர வேண்டியது 28 கண்ணி, 36 வரிசை. 26 தான் வருகிறது என்றால் 'ரெண்டு கண்ணிதானே' என்று விட்டுவிடத் தோன்றும். 120 கண்ணி உள்ள ஒரு பக்கம் 43 செ.மீ.க்குப் பதிலாக 46 செ.மீ. ஆகும், முன்னும் பின்னும் சேர்த்து 6 செ.மீ. கூடிவிடும். உடம்பை ஒட்டி நிற்க வேண்டிய உடை தொங்கிப்போகும். 26 வந்தால் 3 மி.மீ. ஊசிக்கு மாறி இன்னொரு துண்டு போடுங்கள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல் என்றால், சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெந்நீரில் நனைத்துத் தொங்கவிட்டுச் சுருள் போன பிறகே மாதிரித் துண்டு போட வேண்டும். சுருள் நூலில் வரும் கேஜ் பொய்க் கேஜ்.

ஸ்வெட்டர்: மார்பு 88–90, இடுப்பு 72–75 செ.மீ. உள்ளவருக்கு

முடிந்த ஸ்வெட்டர் மார்பில் 86 செ.மீ. இருக்கும். உடம்பை விடச் சற்றுச் சிறியது; அது தவறு அல்ல, பின்னல் இழுபடும். இன்றைய பழக்கத்தில் 5, 10 செ.மீ. தளர்வு வைத்தால் பழைய தோற்றம் அங்கேயே போய்விடும். தோளிலிருந்து மொத்த நீளம் 49 செ.மீ. மட்டுமே, உயர்ந்த இடுப்புள்ள பாவாடைக்கோ கால்சட்டைக்கோ மேல் வந்து நிற்கும்.

முதுகுப் பக்கம். 2.75 மி.மீ. ஊசியில் 102 கண்ணி ஏற்றி, ஒரு நிட் ஒரு பர்ல் ரிப்பில் 9 செ.மீ. பின்னுங்கள். நல்ல பக்கத்தில் நிட் கண்ணிகளைக் கண்ணியின் பின்புற இழை வழியாகப் பின்னினால் ரிப் வரிசைகள் கயிறு மாதிரி எடுப்பாக நிற்கும். பழைய ஸ்வெட்டர்களின் ரிப் மொறுமொறுப்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். 9 செ.மீ. பின்னி முடிப்பதற்குள் அலுப்புத் தட்டும். 5 செ.மீ.யில் நிறுத்திவிடாதீர்கள்.

3.25 மி.மீ. ஊசிக்கு மாறி ஸ்டாக்கினெட். ஒவ்வொரு 6-ஆவது வரிசையிலும் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள், மொத்தம் 10 முறை. கடைசிக் கண்ணியில் கூட்டாமல் ஓரத்திலிருந்து இரண்டு கண்ணி உள்ளே தள்ளிக் கூட்டினால் மூட்டும்போது தையல் நேராக வரும். இப்போது 122 கண்ணி. அதில் இரண்டு தையலுக்குள் போய்விடும், மீதி 120 தான் 43 செ.மீ. கூட்டல் முடிந்தபின் 16 வரிசை நேராகப் பின்னினால் ரிப்புக்கு மேல் 76 வரிசை, அதாவது 21 செ.மீ. ஆகியிருக்கும். உயரமானவர்கள் நீளம் கூட்ட வேண்டிய இடம் இதுதான், ரிப் அல்ல.

ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் திறப்பு). அடுத்த இரண்டு வரிசைகளின் தொடக்கத்தில் ஆறாறு கண்ணி மூடுங்கள் (110). பிறகு ஒன்று விட்டு ஒரு வரிசையில் இரு ஓரத்திலும் ஒவ்வொன்றாக 8 முறை குறையுங்கள் (94). தோளுக்குக் குறுக்கே 33.5 செ.மீ. வரும், ஒடுக்கமாகத்தான் தெரியும். பஃப் கை (உப்பிய கை) தோள் எலும்பின் மேல் ஏறி நிற்க இந்த ஒடுக்கம் வேண்டும். தோள் அகலமாக இருந்தால் பஃப் கை புஜத்தில் தொங்கும். பார்க்க பலூனில் காற்றுப் போன மாதிரி இருக்கும்.

கழுத்து உயரமாகவும் சிறியதாகவும் வருவதால் தலை நுழையாது. முதுகில் திறப்பு கட்டாயம். ஆர்ம்ஹோல் தொடங்கி 32 வரிசை ஆனதும் கண்ணிகளை 47, 47 எனப் பிரித்து, இரு பாதியையும் தனித்தனியாகப் பின்னுங்கள். ஆர்ம்ஹோல் 68 வரிசை (19 செ.மீ.) ஆனதும் தோள் பக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு வரிசையில் பத்துப் பத்தாக மூன்று முறை மூடுங்கள். மீதி 17 கண்ணியை வேறு நூலில் கோத்து வையுங்கள்.

முன்பக்கமும் ஆர்ம்ஹோல் 46 வரிசை வரை இதேதான், திறப்பு மட்டும் கிடையாது. அங்கே நடுவில் 16 கண்ணியைக் கோத்து வைத்துவிட்டு, இரு பக்கமும் 39, 39 எனத் தனியே பின்னுங்கள். கழுத்து ஓரத்தில் ஒன்று விட்டு ஒரு வரிசையில் 9 முறை குறைத்தால் 30 நிற்கும். நான்கு வரிசை நேராகப் பின்னி, முதுகில் செய்தது போலத் தோளை மூடுங்கள்.

பஃப் கையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2.75 மி.மீ. ஊசியில் 72 கண்ணி, 3 செ.மீ. ரிப். 3.25-க்கு மாறும் வரிசையில் நான்கு கண்ணிக்கு ஒன்றாக 18 கண்ணி கூட்டுங்கள் (90). கையின் மொத்த நீளம் 12 செ.மீ. ஆனதும் இரு பக்கமும் ஆறாறு மூடுங்கள் (78). இனி ஒவ்வொரு 4-ஆவது வரிசையிலும் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று குறையுங்கள், 14 முறை. 56 வரிசையில் கண்ணி 50 ஆகும், உயரம் 15.5 செ.மீ. சாதாரணக் கையில் இவ்வளவு உயரமோ, உச்சியில் இத்தனை கண்ணியோ இருக்காது. அதனால் எண்ணிக்கை தப்போ என்று சந்தேகம் வரும், தப்பில்லை. அடுத்த வரிசையில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னி 25 ஆக்கி, மூடிவிடுங்கள்.

இதன் கணக்கு இதுதான்: மூடிய ஆறாறு கண்ணிகளை விட்டால் ஆர்ம்ஹோலின் விளிம்பு சுமார் 40 செ.மீ. கையின் இரு சாய்வு ஓரமும் சேர்ந்து 32.5 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் 7.5 செ.மீ. இடத்தில் 18 செ.மீ. அகலத் துணி சுருக்கப்பட்டு உட்காருகிறது. அந்த நெருக்கம்தான் உப்பல். உப்பல் குறைவாக வேண்டுமானால் 4-ஆவது வரிசைக்குப் பதில் மாறி மாறி 2-ஆவது, 4-ஆவது வரிசைகளில் குறைத்துக் கண்ணியை 40-க்குள் கொண்டுவாருங்கள்.

மூட்டுதல்

எந்தத் துண்டையும் மூட்டும் முன் நனைத்துப் பரப்ப வேண்டும். வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, மெத்தை மேல் அளவுப்படி குண்டூசி குத்திக் காயவிடுங்கள். ரிப்பில் குண்டூசி குத்தவே கூடாது. விரித்துக் காயவைத்த ரிப் அப்படியே விரிந்து நின்றுவிடும்.

தோள்களை மூட்டிய பிறகு கழுத்துப் பட்டி. 2.75 மி.மீ. ஊசியில் முதுகு 17, பக்க ஓரம் 21, முன் நடு 16, மறு ஓரம் 21, முதுகு 17 என மொத்தம் 92 கண்ணி எடுத்து, 2.5 செ.மீ. ரிப் பின்னித் தளர்வாக மூடுங்கள். பக்க ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி வீதம் எடுக்க வேண்டும். வரிசைக்கு ஒன்று எடுத்தால் பட்டி அலை அலையாக நிற்கும், குறைத்து எடுத்தால் கழுத்து சுருங்கும்.

முதுகுத் திறப்பின் இரு ஓரத்திலும் 2 மி.மீ. குரோஷா ஊசியால் ஒரு வரிசை சிங்கிள் குரோஷா போடுங்கள். ஒரு பக்கத்தில் இன்னொரு வரிசை போட்டு, சம இடைவெளியில் நான்கு இடத்தில் 4 செயின் போட்டு வளையம் விட்டால் காஜா தயார். 8 முதல் 10 மி.மீ. பொத்தான் போதும். பெரிய பொத்தான் இந்த மெல்லிய பின்னலைக் கீழே இழுக்கும்.

பக்கங்களை மூட்ட, நல்ல பக்கத்தைப் பார்த்தபடி, முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவே ஏணிப்படி மாதிரி தெரியும் குறுக்கு இழையை இரு பக்கமும் மாறி மாறி எடுத்துத் தையுங்கள். ஐந்தாறு படி எடுத்துவிட்டு நூலை இழுத்தால் தையல் மறைந்துபோகும். கையைப் பொருத்தும்போது முதலில் அக்குளையும் தோள் மூட்டையும் குண்டூசியால் பிடித்து, சாய்வு ஓரங்களைச் சுருக்கமில்லாமல் வைத்து, சுருக்கு முழுவதும் தோள் மூட்டுக்கு இரு பக்கமும் நாலு நாலு செ.மீ.க்குள் வரும்படி பாருங்கள். சுருக்கு அக்குள் பக்கம் இறங்கினால் கையைத் தூக்க முடியாது.

உப்பல் நிற்காமல் படுத்தால் தோளுக்குள் ஒரு பேட் வைக்கலாம். அதே நூலில் 32 கண்ணி, 64 வரிசை, எல்லா வரிசையும் நிட், 12 செ.மீ. சதுரம் வரும். அதை மூலைக்கு மூலை மடித்துப் பஞ்சோ பழைய கம்பளித் துண்டோ வைத்துத் தைத்து, மடிப்பு ஓரம் கைத் தையலோடு சேரும்படி இரண்டு தையலில் பிடித்துவிடுங்கள்.

நிற வேலை செய்ய ஆசை என்றால் ஓர் எச்சரிக்கை. ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லியைப் பாரிஸில் பிரபலமாக்கிய 1927-ஆம் ஆண்டு ஸ்வெட்டரில், கறுப்புப் பின்னலில் வெள்ளை ரிப்பன் முடிச்சு ஒன்று கட்டியது போலவே தெரியும். உண்மையில் பின்னலில் வந்த உருவம்தான். அதுபோன்றவற்றில் பின்னால் ஓடும் நூலை ஐந்து கண்ணிக்கு ஒருமுறை பின்னலில் சிக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் போடும்போது விரல் மாட்டும். பின்னால் நூல் ஓடும் பகுதி அவ்வளவாக இழுபடாது. ஸ்வெட்டரை 4 செ.மீ. பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றி மாட்டும் குரோஷா காலர்

ஒரே ஸ்வெட்டரை மாற்றிக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை. 10-ஆம் எண் பருத்தி நூல் ஒரு கண்டு, 1.5 மி.மீ. ஸ்டீல் ஊசி. (நூலிலும் எண் ஏற ஏற மெலியும், 20, 40 எடுத்தால் காலர் சிறுத்துவிடும்.)

123 செயின் போட்டு, ஊசியிலிருந்து 4-ஆவது செயினில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு டபுள் குரோஷா. தொடக்கத்தில் விட்ட 3 செயின் ஒன்றாகக் கணக்கு, ஆக 121. இந்த வரிசையைக் கழுத்துப் பட்டியின் அடியில் வைத்துப் பாருங்கள். சுற்றளவு பொருந்தாவிட்டால் இப்போதே பிரித்து, 12 செயின் கூட்டியோ குறைத்தோ தொடங்குங்கள். இரண்டாம் வரிசையில் 3 செயின், பிறகு "9 கண்ணியில் ஒவ்வொன்று, 10-ஆவதில் இரண்டு" என்பதை 12 முறை (133). மூன்றாம் வரிசையில் 10-க்குப் பிறகு இரண்டு (145). இப்படி வரிசைக்கு 12 கூடி, 7-ஆம் வரிசையில் 193 ஆகும்.

ஏன் 12? டபுள் குரோஷாவில் வட்டம் தட்டையாகப் படிய, சுற்றுக்குச் சுமார் 12 கண்ணி கூட வேண்டும். குறைந்தால் காலர் கிண்ணம் மாதிரி எழும்பும், கூடினால் அலையடிக்கும். கூட்டல் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் காலர் வட்டமாக இல்லாமல் பன்னிரண்டு மூலையாகத் தெரியும். அதனால் ஒன்று விட்டு ஒரு வரிசையில், பகுதியின் கடைசியில் கூட்டாமல் நடுவில் கூட்டுங்கள், எண்ணிக்கை மாறாது.

விளிம்பு: ஒரு சிங்கிள் குரோஷா, 2 கண்ணி விட்டு மூன்றாவதில் 5 டபுள் குரோஷா (இதுதான் ஒரு சிப்பி), 2 கண்ணி விட்டு மீண்டும் சிங்கிள். 193 கண்ணியில் சரியாக 32 சிப்பி வந்து ஒரு கண்ணி முடிப்புக்கு நிற்கும். ஒன்று மிஞ்சினாலோ குறைந்தாலோ 7-ஆம் வரிசையில் தவறு. சிப்பியை நெருக்கிச் சமாளித்தால் முன்பக்கத்தில் அப்படியே தெரியும். முடித்ததும் துவைத்து, மெல்லிய கஞ்சி போட்டு, ஒவ்வொரு சிப்பியின் உச்சியிலும் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். துருப்பிடிக்காத குண்டூசியா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளை நூலில் துருக்கறை போகவே போகாது.

மிச்ச நூலில் தலைமுடிக்கு ஸ்னூட் (பின்கூந்தலை அள்ளிப் பிடிக்கும் வலைப்பை) போடலாம். 6 செயின் வளையத்துக்குள் "4 செயின், ஒரு சிங்கிள்" என 8 கண், அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் 5 செயின் கண்கள் இரண்டு (16), ஒரு சுற்று அப்படியே, பிறகு 32, இரண்டு சுற்று அப்படியே, பிறகு 64. நடுவிலிருந்து ஓரம் 15 செ.மீ. ஆகும் வரை கூட்டாமல் போய், கடைசி இரண்டு சுற்றில் 3 செயினாகக் குறைத்து, மெல்லிய எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். எலாஸ்டிக் காதுக்குப் பின்னால் அழுத்தாத அளவுக்கு இருந்தால் போதும். நழுவினால் உச்சியில் இரண்டு ஹேர்பின் குத்திக்கொள்ளலாம். ஸ்வெட்டரை மட்டும் ஹேங்கரில் மாட்டாமல் மடித்தே வையுங்கள். தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டு, 49 செ.மீ. கணக்கெல்லாம் வீணாகிவிடும்.